இன்னான்னு கேட்ட பைலட்

பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்களுக்குக் கழுத்து வலி கட்டாயம் வரும். அடுத்தவர் கேபினில் எட்டிப் பார்க்கக் கூடாது என்று போர்டு மாட்டிவிட்டு, நாள் முழுக்க எட்டிப் பார்க்கிற ஒரே ஆள் நாம்தானே.

நீங்கள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாலும் சரி, லேமினேஷன் கடை வைத்திருந்தாலும் சரி, நம்ம கட்சிதான். சொன்னால் புரிந்துகொள்வீர்கள். நான் ஆறாங்கிளாஸோடு நின்றவள். வடசென்னை காலடிப்பேட்டையில் முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாதிப் பேச்சைக் கேட்டே முழுக் கதையையும் கட்டிவிடுவேன். அப்புறம் ஆளாளுக்கு செல்போன் வந்தது. பூத்தில் ஈ ஓட்டினேன். கடைசியில் ப்ளைவுட் தடுப்பு அடித்து ஆறு கம்ப்யூட்டர் போட்டேன். ரெண்டாயிரத்து மூணு, நாலு வாக்கில் என்று நினைக்கிறேன். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. ஆனால் காது நல்ல காது.

மூணாம் நம்பர் கேபின்

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சடையங்குப்பம் பக்கமெல்லாம் தண்ணி ஏறி, எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. லாரி புக்கிங் ஆபீஸ் முருகேசனுக்கு வேலை ஓடவில்லை. காலையில் வந்தால் என் கடையில்தான் குந்தியிருப்பார். அப்போதுதான் அந்தப் பெண் குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். இருபத்தோரு வயசு இருக்கும். பேர் நிர்மலா. ரெஜிஸ்டரில் பேர் எழுதி, 'தொழில்' என்ற இடத்தில் இங்கிலீஷில் என்னமோ எழுதினாள். முருகேசனிடம் காட்டினேன். "ஸ்டூடண்ட் பைலட்டுன்னு கீது யக்கா" என்றார்.

எங்கள் பக்கத்தில் பைலட் என்றால் ஒரே ஆள்தான். வெளியே நிற்கிற கப்பலில் ஏறி, அதை ஹார்பருக்குள் பத்திரமாகக் கொண்டுவருகிறவர். "பொம்பளப் புள்ளைங்களையும் கப்பல்ல ஏத்தறாங்களா இப்ப?" என்று கேட்டேன். அவள் விரலை மேலே காட்டினாள். நான் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தேன். "அதுக்கும் மேல, யக்கா" என்றாள்.

மூணாம் நம்பர் கேபினில் உட்கார வைத்தேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை, எழுந்து வந்து மவுஸ் நகரவில்லை என்று நின்றாள். அதன் வயிற்றில் இருக்கிற உருண்டையைத் துடைத்துக் கொடுத்தேன். முருகேசனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"பிளேன் ஓட்ற பொண்ணு, எலி ஓடலன்னு ஒன்னாண்ட வந்து நிக்குது பாரு யக்கா!"

ஒரே ஒரு வார்த்தை

டைப் அடிக்கிற சத்தத்தை வைத்தே ஆள் என்ன எழுதுகிறார் என்று சொல்லிவிடுவேன். வேலைக்கு மனு போடுகிறவர் ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவார். சண்டை போடுகிறவர் பட்டனை ஓங்கி அறைவார். இந்தப் பெண் பத்து எழுத்து அடிப்பாள். அப்புறம் அழிக்கிற பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். ரெண்டு நாளாக இதே கதை. மூன்றாம் நாள் டீயைக் கொண்டுபோய் வைத்து, "இன்னாம்மா, யாருக்கு எழுதற?" என்று கேட்டேன்.

கொட்டிவிட்டாள். வெளி மாநிலத்தில் ஒரு பிளேன் ஸ்கூலில் படிக்கிறாளாம். அவள் அப்பா ஹார்பரில் கப்பல் இழுக்கிற படகில் வேலை செய்கிறவர். சர்க்கார் உதவியில் கிடைத்த சீட்டு. போனால் இன்னொரு தடவை கிடைக்காது. வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் ஓட்டியிருக்கிறாள். அடுத்தது 'சோலோ'. வாத்தியார் இறங்கிவிடுவார், தனியாக ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறக்க வேண்டும். அப்போது ரேடியோவில் டவரோடு பேச வேண்டும். ஏர்போர்ட்டில் உசரமாக ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறார்களே, அவர்கள்தான் டவர்.

ஒரு நாள் டவரில் இருந்தவர் மடமடவென்று நம்பராகச் சொல்லியிருக்கிறார். இவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பயத்தில் பட்டனை அமுக்கி, வாயில் வந்ததைக் கேட்டுவிட்டாள்: "இன்னா?"

மேலே பறந்துகொண்டிருந்த அத்தனை பிளேனிலும் அது கேட்டிருக்கிறது. டவர்காரர் தமிழ் தெரியாதவர்.  "இன்னர்? எந்த இன்னர்?" என்று இங்கிலீஷில் கேட்டாராம். ரன்வேக்குக் கிட்டே இன்னர் என்று ஏதோ அடையாளம் இருக்குமாம். இவள் அதைப் பற்றித்தான் என்னவோ சொல்கிறாள் என்று அந்த மனுஷன் ஜன்னல் வழியாகத் தேடியிருக்கிறார். அன்று சாயங்காலத்திலிருந்து கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் இவளை 'இன்னா மேடம்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதிலிருந்து பட்டனை அமுக்கினால் சத்தமே வருவதில்லையாம். வாத்தியார் பார்த்தார். "ரேடியோவில் வாய் திறக்காதவளை நான் தனியாக மேலே அனுப்ப மாட்டேன். பதினைந்து நாள் டைம். சரி பண்ணிக்கொண்டு வா, இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறாள். உலகத்தில் இருக்கிற பைலட்டுகள் எல்லாம் கூடிப் பேசுகிற ஒரு வெப்சைட் இருக்கிறதாம். அதில் வழி கேட்கலாம் என்று வந்தவளுக்குக் கேட்கவும் கை வரவில்லை.

"பிளேன் ஓட்ட பயம் இல்லக்கா, எறக்கவும் பயம் இல்ல. அந்தப் பட்டன அமுக்கினா மட்டும் நாக்கு எங்கியோ போயி ஒளிஞ்சிக்குது."

ரேடியோ காய்ச்சல்

நான் ஒரு அதட்டுப் போட்டதும் எழுத உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் அடித்தாள். முருகேசன் பின்னால் நின்று படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார். 'மரியாதைக்குரிய ஐயாமார்களே' என்று ஆரம்பித்திருக்கிறாளாம். அடுத்த வரி, நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் எழுதினோமே லீவு லெட்டர், அதே மாதிரி. காய்ச்சலால் அவதிப்படுகிறேன் என்று வர வேண்டிய இடத்தில், ரேடியோவால் அவதிப்படுகிறேன் என்று போட்டிருக்கிறாள்! அப்பா பேர், படித்த பள்ளிக்கூடம், பத்தாவதில் எடுத்த மார்க்கு எல்லாம் இருந்ததாம்.

அனுப்புகிற பட்டனை அமுக்கப் போகும்போது கரண்ட் போனது. என் யு.பி.எஸ். ரெண்டு தடவை முனகிவிட்டு உயிரை விட்டது. எழுதினது அத்தனையும் காலி. கடையில் நாலு கேபினிலிருந்தும் "அய்யய்யோ" என்று சத்தம். மூணாம் நம்பரிலிருந்து மட்டும் சத்தமே இல்லை.  திரையை விலக்கிப் பார்த்தால் இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முருகேசன்தான் ப்ளைவுட்டுக்கு மேலாகத் தலையை நீட்டிச் சொன்னார்:

"பெரிய லெட்டர கரண்டு துன்னுட்ச்சி, உடு. நாலே வரி போடும்மா. அவனுங்களுக்கும் பிளேன் ஓட்ற வேல கீது இல்ல, ஒன் மார்க்கு ஷீட்ட பாத்துகினா குந்திகினு இருப்பானுங்க?"

லைன் கட்டாயிட்ச்சி

கரண்ட் வந்ததும் நாலு வரிதான் போட்டாள். மறுநாள் காலையில் ஒரு பதில் வந்திருந்தது. எழுதியவன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பேர் கேப்டன் தண்டர். 'இதையெல்லாம் இங்கே நூறு தடவை பேசியாகிவிட்டது, புதுசாக வருகிறவர்கள் முதலில் தேடிப் படியுங்கள். ரேடியோவில் பேச வராதவர்களுக்குத்தான் பஸ் இருக்கிறது.' அவ்வளவுதான்.

நிர்மலா எழுந்து நேராக என் மேஜைக்கு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "யக்கா, ஒரு எஸ்.டி.டி. போடணும். ஸ்கூலுக்கு. நா திரும்பி வரலன்னு சொல்லிடறேன். லீவு முடிஞ்சி எங்கப்பா கேட்டா வேற எதுனா சொல்லிக்கலாம்" என்றாள். பழைய பூத் போன் ஒன்று இன்னும் என் மேஜை மேல் இருந்தது. நான் ஆறாங்கிளாஸ்தான்; ஆனால் கோபத்தில் போடுகிற போனுக்கு மறுநாள் வந்து அழுகிறவர்களைப் பூத் காலத்தில் நிறையப் பார்த்தவள். மேஜைக்கு அடியில் காலை நீட்டி, கட்டை விரலால் போன் வயரைப் பிடுங்கினேன். "மழையில லைன் பூட்ச்சி கண்ணு. நாளைக்கு வந்து பேசு" என்றேன்.

முருகேசன் தலையை நிமிர்த்தி, "இன்னா யக்கா சொல்ற, இப்பத்தான நான் மணலிக்குப் பேசினேன்" என்றார். மேஜைக்கு வெளியே இருந்த இன்னொரு காலால் அவர் காலை ஒரு மிதி மிதித்தேன். அவர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், அறுந்த மாதிரித் தொங்குகிற வயரைப் பார்த்தார்.

"ஆமாமா, பேசினேன்... பேசிகினு இருக்க சொல்லவே கட்டாயிட்ச்சி, நா ஒண்டியா அலோ அலோன்னு கத்திகினு இருந்தேன்."

துருப்பிடிச்ச கழுகு

மறுநாள் போன் பேசத்தான் வந்தாள். நான், "லைன்மேன் வரேன்னு சொல்லிகிறாரு, அதுவரிக்கும் சும்மா அந்த வெப்சைட்ட தொறந்து பாரு" என்று மூணாம் நம்பருக்குத் தள்ளினேன். ரொம்ப நேரம் மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு சிரிப்புச் சத்தம். அந்தப் பெண்ணுக்குச் சிரிக்க வரும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஏழு பேர் பதில் எழுதியிருந்தார்கள். அதில் பெரிய பதில், ரஸ்டி ஈகிள் என்று பேர் வைத்துக்கொண்ட ஒரு கிழவருடையது. துருப்பிடித்த கழுகு என்று முருகேசன் அர்த்தம் சொன்னார். எங்கேயோ குளிர் தேசத்தில் நாற்பது வருஷம் பிளேன் ஓட்டி ஓய்ந்தவராம். அவர் முதல் தடவை தனியாகப் போனபோது, டவரில் பேசியவர் ஒரு பெண். அந்தப் பெண் என்னவோ உத்தரவு போட, இவர் பயத்தில் "சரிம்மா" என்று பெற்ற அம்மாவுக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டாராம். 'உன்னுடைய ஒரு வார்த்தையை அவர்கள் இந்நேரம் மறந்திருப்பார்கள். காதில் விழவில்லை என்றால் ஸே அகெய்ன் என்று சொல். திருப்பிச் சொல்லுங்கள் என்று அர்த்தம். முப்பதாயிரம் மணி நேரம் ஓட்டினவனும் அதைத்தான் சொல்கிறான்' என்று எழுதியிருந்தார்.

அதற்குக் கீழே நம்பர்களைச் சொல்கிற விதம். ரேடியோ இரைச்சலில் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்களாம். நாக்கைப் பல்லுக்கு நடுவில் நுழைத்து 'த்ரீ' என்றெல்லாம் கஷ்டப்படக் கூடாது, 'டிரீ' என்றே சொல்ல வேண்டும். தவுசண்ட் இல்லை, 'டவ்சண்ட்'. ஒன்பதுக்கு 'நைன்' என்றால் ஃபைவ் என்று காதில் விழுமாம், அதனால் அது 'நைனர்', இது 'ஃபைஃப்'. நிர்மலா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் பிறந்ததிலிருந்து டிரீ, டவ்சண்ட் என்றுதான் சொல்கிறவள். பிளேன் ஸ்கூலில், கான்வென்ட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் அதற்கும் சேர்த்துச் சிரித்திருக்கிறார்கள். புத்தகத்தில் அப்படிப் போட்டிருந்தும், இத்தனை பேர் சிரிக்கும்போது நாம்தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாளாம். ராத்திரியெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் நின்று நாக்கைக் கடித்துக் கடித்துப் பழகியிருக்கிறாள்.

போன் விஷயத்தை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போகும்போது குடையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"யக்கா, நம்ம காலடிப்பேட்ட இங்கிலீசுதான் ஆகாசத்துல ஓடுதாம்!"

டவர் ஏலுமலை

கிழவர் இன்னொரு யோசனையும் சொல்லியிருந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு ஆளை உட்கார வைத்து வேகமாக நம்பர் கத்தச் சொல்ல வேண்டும். ஃபேனைப் பெரிசாக வைத்து இரைச்சல் உண்டாக்க வேண்டும். கேட்டதைத் தொடைமேல் பேப்பர் வைத்து எழுதிக்கொண்டு, திருப்பிச் சொல்ல வேண்டும். முருகேசன் நம்பர் சொன்னார். லாரி நம்பர் சொல்கிற மாதிரி மெதுவாக, தெளிவாக. ஒரு பிரயோஜனமும் இல்லை. நிர்மலா தனியாக மூணாம் நம்பரில் உட்கார்ந்து, "டிரீ நைனர்... நைனர் ஃபைஃப் நைனர்..." என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஏலுமலை உள்ளே வந்தார். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர், அங்கே எல்லோருக்கும் நைனா. மஸ்கட்டில் இருக்கிற மகளைக் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவதற்கு வாரம் ஒரு தடவை வருவார். வாசலிலேயே நின்று, "யாரும்மா அது, நைனா நைனான்னு என்ன கூப்டது?" என்றார். "ஒன்ன இல்ல பெர்சு, அது ஒம்போது" என்றார் முருகேசன். "நா எப்பிடிடா ஒம்போதாவேன்?" என்று அவர் சண்டைக்கு வந்துவிட்டார். விஷயத்தைச் சொல்லி முடித்ததும், செருப்பைக் கழற்றிவிட்டு மூணாம் நம்பருக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முருகேசன் நம்பர்களை எழுதிக் கொடுத்தார். ஏலுமலை வாயைத் திறந்தார் பாருங்கள்! காசிமேட்டில் முந்நூறு பேர் கத்துகிற இடத்தில் கேட்கிற தொண்டை அது. எண்கள் தபதபவென்று கொட்டின. நிர்மலா விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். பேப்பரில் ஒரு கோடுகூட விழவில்லை.

தினமும் வந்தார். மகளிடம் பேசுகிற நாள் இல்லாவிட்டாலும் வந்தார். முதல் நாள் ஒன்றும் இல்லை. மறுநாள் ரெண்டு நம்பர் பிடித்தாள். அதற்கடுத்த நாள் நாலு பிடித்து, அஞ்சாவதில் விட்டுவிட்டு, பழையபடி வாயடைத்துப்போனாள்.  கடைசியில் ப்ளைவுட்டே அதிர்கிற மாதிரி கத்தினாள், "ஸே அகெய்ன்!" ஏலுமலைக்கு இங்கிலீஷ் தெரியாது. அர்த்தம் என்ன என்று முருகேசன் சொன்னதும் ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார். ஏலத்தில் ஒரு விலையைக் காதில் வாங்காவிட்டால் அவ்வளவுதானாம். மறுபடி கேட்டவனைப் பார்த்து மொத்தக் கூட்டமும் சிரிக்குமாம். "கேட்டா திருப்பி சொல்வானா அந்த டவரு? நெசமாவா? திட்ட மாட்டானா?" என்று மூணு தடவை கேட்டார். அது அவன் வேலை, நைனா என்று நிர்மலா சொன்னாள். சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்த மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஏலுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப இன்னாத்துக்கும்மே பயந்து சாவற? அவன் தங்கமான மன்சன். நானா இருந்தா அடுத்த கூடைக்குப் பூட்டிருப்பேன்!"

ஏறினது இருக்கட்டும்

கெடுவுக்கு ரெண்டு நாள் முன்னால் ரயில் ஏறினாள். ஏறுவதற்கு முன்னால் அப்பாவிடம் லீவு இல்லை என்ற உண்மையைச் சொல்லிவிட்டதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது அவர்தான்.

அப்புறம் ஒரு தகவலும் இல்லை. மழை நின்று, லாரிகள் ஓட ஆரம்பித்து, முருகேசனுக்கும் வேலை வந்துவிட்டது. ஆனாலும் தினமும் காலையில் வந்து அந்த வெப்சைட்டைத் திறந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். எனக்குப் படிக்க வராவிட்டாலும், கழுகு பொம்மை போட்டிருக்கிற பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியும். மத்தியானத்தில் ஆள் இல்லாதபோது நானும் திறந்து பார்ப்பேன். கீழே புதுசாக ஒன்றும் சேரவில்லை. ஒன்பது நாள் இப்படி. டவர் பேசி, இவள் வாய் திறக்காமல், வாத்தியார் முகம் சுளிப்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. 

பத்தாம் நாள் கழுகுக்குக் கீழே நீளமாக ஒன்று முளைத்திருந்தது. முருகேசனை ஆபீஸிலிருந்து வரவழைத்தேன். ஏலுமலை தானாகவே வந்துவிட்டார். பக்கத்து டைலர், மெயில் பார்க்க வந்தவர்கள் எல்லாம் மூணாம் நம்பரைச் சுற்றி நின்றோம். முருகேசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்து, தமிழில் சொன்னார். காலையில் காற்று இல்லை. வாத்தியார் ரன்வே ஓரத்தில் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு சுற்றுப் போய் வா என்றார். அவர் கனம் இல்லாததால் பிளேன் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக மேலே கிளம்பிவிட்டது. டவர் என்னவோ சொன்னது. கரகரவென்று இருந்தது. காதில் விழவில்லை...

இங்கே முருகேசன் நிறுத்தி, அடுத்த வரிக்கு மவுஸை உருட்டினார். நான் ப்ளைவுட்டைப் பிடித்துக்கொண்டேன்.

'பட்டனை அமுக்கினேன். ஸே அகெய்ன் என்றேன். திருப்பிச் சொன்னார்கள். எழுதிக்கொண்டு, நானும் திருப்பிச் சொன்னேன்' என்று படித்தார். பிறகு மறுபடி ஆரம்பித்தார். வலது பக்கம் ஏரி தெரிந்தது, இடது பக்கம் ரயில் ரோடு தெரிந்தது, பக்கத்து சீட் காலியாக இருந்தது என்று அவர் பாட்டுக்கு நிதானமாகப் போய்க்கொண்டே இருக்க, ஏலுமலையால் பொறுக்க முடியவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. முருகேசன் தோளைப் பிடித்து உலுக்கி, "யோவ், ஏரி, ரயிலு எல்லாம் அப்பால படிக்கலாம்யா! கொயந்த எறங்கிச்சா இல்லியா, அத பாத்து மொதல்ல சொல்லு!" என்று கத்தினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எங்களில் ஒருவருக்கும் அது தப்பான கேள்வியாகப் படவில்லை. நானும் "ஆமா, அத சொல்லு" என்று சேர்ந்துதான் கேட்டேன்.

முருகேசன் கண்ணாடியைக் கழற்றி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எறங்காமயா பெர்சு, மேல குந்திகினா டைப் அடிச்சிருப்பா?"

ஆறு கம்ப்யூட்டர் இருக்கிற கடையில் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடியது, சுற்றி நின்றவர்களில் பாதிப் பேருக்கு அதில் ஒரு எழுத்துப் படிக்க வராது, ஆனாலும் அந்தப் பிளேனைத் தரையில் இறக்கி வைத்த களைப்போடுதான் ஒவ்வொருவரும் வூட்டுக்குப் போனோம்.